சிறுகொடையும் அமெரிக்கத் தேர்தலும்

தேர்தலில் நிற்போர்க்குப் பணம் வேண்டும். அப்பணம் யாரிடமிருந்து வருகின்றது, கொடுத்தவர் பின்னர் எதனைக் கேட்பர் என்பன மக்களாட்சி பற்றி எழுதுவோர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினாக்களாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா பிற நாடுகளினும் கூர்மையானது. அங்கே நாட்டு மன்றத்துக்குப் போட்டியிடும் ஒருவர் தமக்கு வேண்டிய பணத்தைப் பெரும்பாலும் தாமே திரட்டிக்கொள்ளுதல் வேண்டும். 1907-ஆம் ஆண்டுச் சட்டமொன்று வணிகக் கழகங்கள் கூட்டரசுத் தேர்தல் வேட்பாளர்க்கு நேரே பணம் கொடுத்தலைத் தடுத்தது. 1974-இல் தனியாள் ஒருவர் ஒரு வேட்பாளர்க்கு ஒரு தேர்தலுக்கு 1,000 அமெரிக்க வெள்ளிக்கு மேல் கொடுத்தலாகாது என வரம்பு கட்டினர். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பை 2,000 வெள்ளியாக்கியதோடு, கட்சிகளின் தேசியக் குழுக்கள் அதுகாறும் வரம்பின்றிப் பெற்றுவந்த பெருந்தொகைகளுக்கும் முற்றுப்புள்ளி வைத்தது.

இச்சட்டங்கள் பெருங்கொடையாளரின் கையைக் கட்ட முயன்றன; சிறுகொடையாளரை அழைத்து வரவில்லை. பத்து வெள்ளி கொடுக்க மனமுள்ளோர் பல இலட்சவர் இருந்தும் அவர்களிடம் செல்வதற்கு வழியில்லை. வழி இருந்தது, ஆனால் அது செலவு மிக்க வழி. கடிதம் அச்சிட வேண்டும், உறையிட வேண்டும், அஞ்சற்றலை ஒட்ட வேண்டும்; ஆயிரம் கடிதம் போனால் மிகச் சிலவே விடையோடு திரும்பும். திரும்பி வந்த காசோலையை வங்கியில் கட்டி, கொடுத்தவர் பெயரைப் பேரேட்டில் எழுத ஆள் வேண்டும். ஆகவே பத்து வெள்ளிக்குப் பல வெள்ளி செலவாயிற்று. ஆயிரம் வெள்ளி கொடுப்போர் நூற்றுவரை ஒரு விருந்துக்கு அழைத்தாலோ ஒரே இரவில் வேலை முடிந்தது. வேட்பாளர்கள் விருந்து மண்டபத்தை நாடியதற்கு அவர்தம் குணத்தைக் காட்டிலும் கணக்கே பெருங்காரணம் எனலாம். இக்கணக்கை மாற்றியது இணையம்.

முதன் முதலில் இதனைப் பெரிய அளவில் செய்து காட்டியோர் அரசியல்வாதிகள் அல்லர். கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் வெஸ் பாய்டு, ஜோன் பிளேட்ஸ் என்ற கணவன் மனைவியர் மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தனர். கணினித் திரை ஓய்ந்திருக்கும்போது அதில் சிறகு முளைத்த ரொட்டி வாட்டும் கருவிகள் பறப்பதாகக் காட்டிய வேடிக்கைப் படமே அவர்களுக்குப் பெயர் தேடித் தந்தது. 1997-இல் நிறுவனத்தை விற்றுவிட்டு ஓய்ந்திருந்த காலத்தில், அதிபர் கிளின்டன் மீதான குற்றச்சாட்டு நாட்டின் பேச்சாயிருந்தது. 1998 செப்டம்பரில் அவர்கள் ஒரே வாக்கியத்தால் ஆன விண்ணப்பம் ஒன்றை இணையத்தில் இட்டனர். அதிபரைக் கண்டித்துவிட்டு நாட்டின் மற்ற அலுவல்களைக் காங்கிரஸ் கவனிக்கட்டும் என்பது அதன் சாரம். ஒரு வாரத்துள் ஓரிலட்சம் பேர் ஒப்பமிட்டனர். காங்கிரஸ் செவிசாய்க்கவில்லை; அவ்வாண்டு டிசம்பரில் கீழவை அதிபர் மீது குற்றம் சாட்டியது; 1999 பிப்ரவரியில் செனட் அவரை விடுவித்தது. ஆயின் ஒப்பமிட்டோரின் மின்னஞ்சல் முகவரிகள் அவ்விருவர் கையில் இருந்தன. 'மூவ்ஆன்' என்ற பெயருடன் எழுந்த அவ்வமைப்பு, 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கென அதே மக்களிடம் இணைய வழியே நிதி கேட்டது, அவர்களும் கொடுத்தனர். கடிதத்துக்கு அஞ்சற்றலை ஒட்ட வேண்டியிருந்த தொழிலில், பல இலட்சம் பேர்க்குக் காசு செலவின்றி எழுதலாம் என்ற நிலை வந்தது.

சட்டமும் மெல்ல வழிவிட்டது. அக்காலத்தில் அதிபர் வேட்பாளர் பெறும் கொடையில், ஒவ்வொருவர் கொடுத்ததிலும் முதல் 250 வெள்ளிக்கு ஈடான தொகையை அரசும் கொடுத்து வந்தது. கடன் அட்டை மூலம் இணையத்தில் வரும் கொடைக்கும் அது பொருந்துமா என்று வேட்பாளர் பில் பிராட்லி கேட்டார். பொருந்தும் என்று 1999 ஜூனில் கூட்டரசுத் தேர்தல் ஆணையம் விடையிறுத்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி முதல் நாள் நியூ ஹாம்சயர் மாநில முன்தேர்தலில் ஜான் மெக்கெயின் எதிர்பாரா வெற்றி பெற்றபோது, சில நாட்களுக்குள் பத்து இலட்சம் வெள்ளிக்கு மேல் அவர்தம் இணையத்தளத்தில் வந்து குவிந்தது. வெற்றிச் செய்தி சூடாக இருக்கும்போதே கொடை கேட்கலாம் என்பதை அன்று எல்லாரும் கண்டனர். கடிதம் போய்ச் சேரும் முன் அச்சூடு ஆறிப்போயிருக்கும்.

2003-இல் வெர்மாண்டு மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன் இதனை ஒரு கலையாகவே வளர்த்தார். அவருடைய தேர்தல் மேலாளர் ஜோ டிரிப்பி, கணினித் தொழில் நிறுவனங்களோடு பழகியவர். அவ்வாண்டு ஜூன் 30-ஆம் நாள் ஒன்றில் மட்டும் 8 இலட்சம் வெள்ளிக்கு மேல் இணையத்தில் வந்தது. திரளும் தொகைக்கேற்ப நிறமேறும் பந்தாட்ட மட்டையின் படமொன்று திரையில் இருந்தது. கொடுத்தவர், தம் காசால் மட்டையின் நிறம் எவ்வளவு உயர்ந்ததென்று அங்கேயே பார்த்துக்கொண்டார். அடுத்த மாதம் துணையதிபர் டிக் செனி தலைக்கு 2,000 வெள்ளி விலையில் ஒரு பகல் விருந்து நடத்தினார். டீனோ கணினியின் முன் அமர்ந்து, வான்கோழி இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றவாறு பொதுமக்களைக் கொடை கேட்டார். ஏறக்குறைய 5 இலட்சம் வெள்ளி சேர்ந்தது. துணையதிபரின் விருந்தில் சேர்ந்ததினும் இது மிகுதி. ஆயினும் 2004 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் டீன் மூன்றாம் இடமே பெற்றார். பிப்ரவரியில் போட்டியிலிருந்து விலகினார். பணம் வந்த வழியே வாக்கும் வரும் என்று எண்ணியோர் ஏமாந்தனர்.

டீனின் தோல்வியை எல்லாரும் பேசினர். அதனினும் சிறியதொரு குறையை இருவர் கவனித்தனர். டீனைப் போன்ற பெயர் பெற்ற வேட்பாளர்க்கு நிரலாளர்களும் வழக்குரைஞர்களும் உதவக் காத்திருந்தனர். ஒரு மாவட்டத்தில் காங்கிரசுக்கு நிற்கும் பள்ளி ஆசிரியர்க்கோ மாநில மன்றத்துக்கு நிற்கும் செவிலியர்க்கோ அவர்கள் கிடைப்பாரா? கடன் அட்டை வழியே பணம் பெற அவர் வங்கியில் தனிக் கணக்குத் திறத்தல் வேண்டும். மாதந்தோறும் கட்டணம் கட்டல் வேண்டும். கொடுத்தோரின் பெயர், முகவரி, தொழில், வேலை கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைச் சட்டம் கேட்கும் முறையில் எழுதி வைத்தல் வேண்டும். அதற்குள் தேர்தல் முடிந்துவிடும்.

அவ்விருவரில் ஒருவர் மாட் டிபெர்காலிஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர், கணினித் துறையினர். 2003-இல் கேம்பிரிட்ஜ் நகர மன்றத்துக்குத் தாமே போட்டியிட்டுத் தோற்றவர். மற்றவர் பென் ரான், இயற்பியல் பயின்றவர். 2004-ஆம் ஆண்டில் இருவரும் சேர்ந்து 'ஆக்ட்புளூ' என்ற அமைப்பை நிறுவினர். புளூ என்றது சனநாயகக் கட்சிக்கு உரியதாகக் கருதப்படும் நீல நிறத்தை. அக்கட்சியின் வேட்பாளர் எவராயினும், நகரத்தவராயினும் சிற்றூரினராயினும், அனைவர்க்கும் பொதுவானதொரு வாயிலைத் திறப்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பணி.

அவ்வாயில் வேலை செய்யும் முறை கருதத்தக்கது. ஆக்ட்புளூ யாரையும் ஆதரிப்பதில்லை, யாரையும் தேர்ந்தெடுப்பதுமில்லை. கொடுப்பவர் இன்னார்க்கு இவ்வளவு என்று குறிக்கின்றார். அமைப்பு அதனை வாங்கி உரியவரிடம் சேர்க்கின்றது. சட்டத்தின் கண்ணில் அது ஒரு குழாய். பொதுவாக ஓர் அரசியற் குழு வேட்பாளர் ஒருவர்க்கு ஒரு தேர்தலுக்கு 5,000 வெள்ளிக்கு மேல் கொடுத்தல் இயலாது. ஆனால் யாருக்கு என்று கொடையாளரே குறித்துவிட்ட பணம் குழுவின் கொடையாக எண்ணப்படுவதில்லை. அது கொடையாளரின் வரம்பிலேயே அடங்கும். எனவே இக்குழாய் வழியே எத்துணைப் பணம் ஓடினும் குழாய்க்குத் தடையில்லை. பத்து நாட்களுக்குள் பணத்தை உரியவர்க்குச் செலுத்திவிட வேண்டும் என்பதொன்றே காலக் கட்டு. அட்டைக் கட்டணம் முதலியவற்றுக்கென நூறு வெள்ளிக்கு 3.95 வெள்ளி பிடிக்கப்படும் முறை ஏற்பட்டது. அமைப்பு இலாப நோக்கின்றி நடப்பது. அதன் செலவுக்கென்று கொடையாளர் விரும்பினால் தனியே சிறிது சேர்த்துக் கொடுக்கலாம்.

இம்முறை முற்றிலும் புதியதன்று. 1985-இல் தோன்றிய 'எமிலீஸ் லிஸ்ட்' என்னும் மகளிர் அமைப்பு, பெண் வேட்பாளர்க்கு உறுப்பினர் எழுதிய காசோலைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பி வந்தது. எமிலி என்பது ஒரு பெண்ணின் பெயரன்று. முந்தி வரும் பணம் மாவைப் பொங்கச் செய்யும் புளிமம் போன்றது என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களால் ஆன சொல். நம் வீடுகளில் உறைமோர் இட்டாலன்றிப் பால் தயிராகாது, அதே கருத்துத்தான். எமிலீஸ் லிஸ்ட் யாருக்குக் கொடுக்கலாம் என்பதைத் தானே ஆய்ந்து சொன்னது. ஆக்ட்புளூ அந்தப் பொறுப்பையும் பொதுமக்களிடமே விட்டது. எவரும் தமக்குப் பிடித்த நான்கைந்து வேட்பாளர்களைச் சேர்த்துத் தம் பெயரில் ஒரு கொடைப்பக்கம் திறந்து, நண்பர்களை அழைக்கலாம். விருந்து கொடுக்கும் செல்வர்க்கு மட்டும் இருந்த 'நிதி திரட்டுநர்' என்ற தகுதி, இதனால் ஒரு சாதாரண ஆசிரியர்க்கும் வந்தது. டிபெர்காலிசும் ரானும் செய்தவற்றுள் இதனையே தலையாயது என்று கொள்ளல் வேண்டும். பணம் வாங்கும் மென்பொருளை வேறு எவரும் எழுதியிருப்பர்.

இதில் பலரும் அறியாத ஒரு நுட்பம் உண்டு. வேட்பாளர் ஒருவர் நேரே பெறும் கொடையில், ஒருவர் கொடுத்தது மொத்தம் 200 வெள்ளிக்கு மேற்படாதவரை அவர் பெயரை வெளியிடச் சட்டம் வற்புறுத்துவதில்லை. குழாயாக நிற்கும் அமைப்போ தன் வழியே சென்ற ஒவ்வொரு காசையும், அது ஒரு வெள்ளியாயினும், பெயரோடு ஆணையத்துக்கு எழுதித் தர வேண்டும். ஊர்க் கோயில் உண்டியலில் விழும் காசுக்குப் பெயர் கிடையாது; திருமண வீட்டு மொய்யேட்டில் ஐந்து வெள்ளி வைத்தவர் பெயரும் ஏறிவிடும். உண்டியல் என்று நினைத்துப் போட்டோர் பலர், தம் பெயர் மொய்யேட்டில் இருப்பதைப் பின்னரே அறிந்தனர். பெருஞ்செல்வரின் பணத்துக்கு ஒளிவிடங்கள் பல இருக்க, மூன்று வெள்ளி கொடுத்த முதியவரின் தெருப்பெயர் வரை எவரும் படிக்கலாம் என்பது விந்தையே.

2006-இல் இவ்வாயிலின் பயன் தெரிந்தது. வர்ஜீனியாவில் செனட்டுக்கு நின்ற ஜிம் வெப்பை அம்மாநிலத்துக்கு வெளியே அறிந்தோர் தொடக்கத்தில் சிலரே. நாடெங்குமிருந்து சிறுகொடைகள் ஆக்ட்புளூ வழியே அவரை அடைந்தன. 10,000-க்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் அவர் வென்றார். செனட்டும் அவர் கட்சியின் கைக்கு வந்தது. எதிர்த்து நின்றவரின் நாவடக்கமின்மை அவ்வெற்றிக்குப் பெருந்துணை செய்தது என்பதையும் மறத்தலாகாது. அவ்வாண்டிலேயே ஆக்ட்புளூ தேர்தல் ஆணையத்தை வேறொரு கேள்வி கேட்டது. இன்னும் வேட்பாளராகாத ஒருவர்க்கென்று மக்கள் இப்போதே பணம் கொடுத்து வைக்கலாமா? அவர் நில்லாது போனால் கட்சியின் தேசியக் குழுவுக்கு அப்பணம் சேரும் என்ற ஏற்பாட்டின் பேரில், ஆகலாம் என்றது ஆணையம். தலைவர் வந்து பணம் கேட்ட நிலை மாறி, பணத்தைக் காட்டித் தலைவரை அழைக்கும் நிலையும் வந்தது.

டிபெர்காலிஸ் 2011-இல் வேறு இருவரோடு 'மீட்டியர்' என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் 'அப்பல்லோ' என்று பெயர் பெற்றது அதுவே. வாயில் அவர் இல்லாமலும் இயங்கியது. அட்டை விவரத்தை ஒருமுறை கொடுத்து வைத்தவர் பின்னர் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்ற அளவுக்கு எளிதாயிற்று.

எளிமையின் பயனை அளந்து பார்க்க 2008-ஆம் ஆண்டுக் கணக்கு உதவும். பராக் ஒபாமா அத்தேர்தலில் இணையத்தின் மூலம் மட்டும் 50 கோடி வெள்ளியளவில் திரட்டினார். கொடுத்தோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர். கொடைகளில் மிகப் பெரும்பாலானவை நூறு வெள்ளிக்கு மேற்படாதவை. சிறுகொடையாளரே அதிபரை ஆக்கினர் என்று பலர் எழுதினர். ஆனால் தேர்தல் நிதியை ஆராய்ந்த கல்விக் கழகமொன்று, ஒரே ஆள் பலமுறை கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தது. மொத்தமாகவும் 200 வெள்ளிக்கு மேற்படாதோரிடமிருந்து வந்த பங்கு ஏறத்தாழ நாலில் ஒன்றே. நான்காண்டுக்கு முன் ஜார்ஜ் புஷ் பெற்ற பங்கும் அவ்வளவே. கொடை சிறிதாயிருந்தது, கொடையாளர் எப்போதும் சிறியவராயிருக்கவில்லை. இதனால் இணையக் கொடையின் சிறப்புக் குறைந்துவிடாது. மும்முறை, நான்முறை கொடுத்தவர் அவ்வேட்பாளர்க்காக உழைக்கவும் முன்வந்தார். பெர்னி சாண்டர்ஸ் 2016-இல் தம் சராசரிக் கொடை 27 வெள்ளி என்று மேடைதோறும் சொல்லி, விருந்து மண்டபப் பக்கம் போகாமலே நாடெங்கும் போட்டியிட முடிந்தது இவ்வாயிலால்தான்.

இனி இதன் மறுபக்கம். 2009 செப்டம்பரில் ஒபாமா காங்கிரசில் பேசிக்கொண்டிருந்தபோது, தென் கரோலினாவின் ஜோ வில்சன் என்ற உறுப்பினர், பொய் சொல்கிறீர் என்று கூவினார். சினங்கொண்ட மக்கள் அவரை எதிர்த்து நிற்கவிருந்த ராப் மில்லருக்கு ஆக்ட்புளூ வழியே ஓரிரு நாட்களில் பத்து இலட்சம் வெள்ளியளவு அனுப்பினர். வில்சனும் சும்மா இருக்கவில்லை. தம்மைக் காக்க வேண்டுமென்று கேட்டு அவரும் பத்து இலட்சத்துக்கு மேல் பெற்றார். கூவியவர்க்கும் இலாபம், கூவப்பட்டவர் கட்சிக்கும் இலாபம். 2010-இல் வில்சனே வென்றார். அன்று தொட்டு, சினத்தை மூட்டும் சொல்லுக்கு ஒரு விலை உண்டு என்பதை இரு கட்சியாரும் அறிந்துகொண்டனர்.

2020-இல் அதே மாநிலத்தில் செனட்டுக்கு நின்ற ஜேமி ஹாரிசன் மூன்று மாதத்தில் 5 கோடியே 70 இலட்சம் வெள்ளி பெற்றார். அதுகாறும் செனட் வேட்பாளர் எவரும் பெறாத தொகை அது. எதிரி மீதுள்ள வெறுப்பில் பிற மாநிலத்தார் அனுப்பியதே அதிற் பெரும்பகுதி. நூற்றுக்குப் பத்து வாக்கு வேறுபாட்டில் ஹாரிசன் தோற்றார். சிறுதுளி பெருவெள்ளம் என்பது உண்மையே. ஆனால் அவ்வெள்ளம் பெயர் பெற்றதொரு தொகுதியில் தேங்கி நிற்க, பக்கத்துத் தொகுதியில் வெல்லக்கூடிய வேட்பாளரின் வயல் வறண்டு கிடந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் மறைந்த செய்தி பரவிய இரவில், ஒரு மணி நேரத்தில் மட்டும் 62 இலட்சம் வெள்ளி ஆக்ட்புளூ வழியே ஓடிற்று. துயரமும் அச்சமும் எவ்வளவு விரைவில் பணமாகக் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எதிர்க்கட்சியாரும் விழித்துக்கொண்டனர். 2019-இல் குடியரசுக் கட்சிக்கென 'வின்ரெட்' என்ற வாயில் தோன்றியது. இஃது இலாபத்துக்காக நடைபெறுவது. இங்கேதான் பெரியதொரு தீங்கு வெளிப்பட்டது. கொடைத்தாளில் ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால் அதே தொகை மாதந்தோறும் கணக்கிலிருந்து எடுக்கப்படும். 2020-இல் அதிபர் டிரம்பின் தேர்தல் குழு, அக்குறியைத் தானே முன்கூட்டி இட்டு வைத்தது. வேண்டாதவர்தாம் தேடிக் கண்டு அழிக்க வேண்டும். செப்டம்பரில் அது மாதத்துக்கு ஒன்று என்பதிலிருந்து வாரத்துக்கு ஒன்றாயிற்று. ஒருமுறை கொடுப்பதாக எண்ணிய முதியோர் பலர், வங்கிக் கணக்கு வற்றிய பின்னரே உண்மையை அறிந்தனர். 'நியூயார்க் டைம்ஸ்' நாளேடு 2021 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கின்படி, 2020-இன் கடைசி இரண்டரை மாதத்தில் டிரம்ப் குழுவும் அவர் கட்சிக் குழுக்களும் திருப்பிக் கொடுக்க நேர்ந்த தொகை 6 கோடியே 43 இலட்சம் வெள்ளி. பணம் திரும்பியது, ஆனால் தேர்தல் நெருக்கடியில் அது வட்டியில்லாக் கடனாகப் பயன்பட்டு முடிந்த பின்னரே திரும்பியது. சனநாயகக் கட்சிக் குழுக்கள் சிலவும் இக்குறியைக் கையாண்டமையால் அப்பக்கத்தாரும் முழுத் தூயர் அல்லர். 2021-இல் ஆக்ட்புளூ அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் தேர்தல் ஆணையர் அறுவரும் ஒருமனதாக, முன்கூட்டி இடும் குறியைச் சட்டத்தால் தடை செய்யுமாறு காங்கிரசுக்குப் பரிந்துரைத்தனர். கட்சி வழியே பிரிந்து நின்ற அவ்வாணையம் சிக்கலான பொருள்களில் ஒருமனதாகச் சொல்வது அரிதாயிருந்தது.

ஆக்ட்புளூ மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அட்டையின் பின்புறத்துக் காப்பெண்ணை எல்லாரிடமும் அது கேட்பதில்லை, ஆதலால் ஒருவர் பணத்தைப் பிறர் பெயரால் செலுத்த இடமுண்டு என்று குடியரசுக் கட்சியார் கூறினர். அவ்வெண் பின்னர் கேட்கப்படலாயிற்று. 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப், பினாமிக் கொடையும் அயல்நாட்டுக் கொடையும் இணைய வாயில்கள் வழியே நுழைகின்றனவா என்று ஆராயுமாறு தலைமைச் சட்ட அதிகாரிக்கு ஆணையிட்டார். ஆணையில் ஆக்ட்புளூவின் பெயரே குறிக்கப்பட்டது. தன் வழியே வந்த பணத்தில் கோடிக்கணக்கானதைக் குழுக்கள் திருப்பிக் கொடுக்க நேர்ந்த வின்ரெட்டின் பெயர் அதில் இல்லை. ஆக்ட்புளூ குற்றச்சாட்டை மறுத்து, எதிர்க்கட்சியின் நிதி ஊற்றை அடைக்கும் முயற்சி இது என்றது. இவ்வழக்காடலில் இரு திறத்தாரும் எடுத்துக் காட்டும் சான்றுகளிற் பல ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரு வெள்ளிக் கொடையாயினும் பெயரோடு எழுதப்பட்டு, ஆணையத்தின் பேரேட்டில் எவரும் படிக்குமாறு கிடக்கும் அப்பட்டியலே அது.